பிஐவிலேப்: இலவசம்தான், நல்லதும்தான், ஆனால் ஆரஞ்சு அம்புகளைக் கணக்கில் சேர்க்காதீர்கள்

தண்ணீர் ஓடும் குழாய்க்குள் எந்த இடத்தில் என்ன வேகம் என்று லேசர் வைத்துப் பார்க்க வேண்டும், பல லட்சம் கொடுத்து முழு செட் வாங்க வழியில்லை என்றால், வேறு எதையும் தேடி அலையாமல் பிஐவிலேப் என்ற இலவச மென்பொருளில் ஆரம்பித்துவிடுங்கள். 5க்கு 4 நட்சத்திரம் தாராளமாகத் தருவேன். குறைத்த அந்த ஒன்றுக்குக் காரணம், இது மிக எளிதாக மிக அழகான படம் போட்டுக் கொடுத்துவிடுகிறது. ஒவ்வோர் இடத்தின் வேகத்தையும் திசையையும் காட்டும் அம்புகள் வரிசையாக நிற்கும், பின்னால் வண்ணம் ஜொலிக்கும், பார்க்கிறவர்கள் எல்லோரும் தலையாட்டுவார்கள். அதிலிருந்து நம்பத் தகுந்த வேகப் பரவலை, அதாவது எந்த வேகம் எத்தனை முறை வருகிறது என்ற கணக்கை, எடுப்பது தனி வேலை, அதை மென்பொருள் உங்களுக்காகச் செய்யாது.

தெரியாதவர்களுக்கு இரண்டு வரி. பிஐவி (பார்ட்டிகிள் இமேஜ் வெலாசிமெட்ரி) என்றால் ஓட்டத்தில் மிக நுண்ணிய துகள்களைக் கலந்து, லேசர் ஒளியைத் தாள் மாதிரி மெல்லியதாக விரித்து அதன் வழியே ஓடவிட்டு, அடுத்தடுத்து படம் எடுத்து, படத்தைச் சின்னச் சின்னச் சதுரங்களாகப் பிரித்து, ஒவ்வொரு சதுரத்திலும் இருந்த துகள் கூட்டம் அடுத்த படத்தில் எவ்வளவு நகர்ந்திருக்கிறது என்று ஒப்பிட்டுக் கண்டுபிடிக்கும் முறை. நகர்ந்த தூரத்தை நேரத்தால் வகுத்தால் வேகம். பிஐவிலேப்பை எழுதியவர் வில்லியம் தீலிக்கே. நெதர்லாந்தின் குரோனிங்கன் பல்கலைக்கழகத்தில் பறவைகள் சிறகடித்துப் பறப்பதைப் பற்றி முனைவர் பட்ட ஆய்வு செய்தவர், அந்த வேலைக்காக வளர்த்ததுதான் இது. எய்ஸே ஸ்டாம்ஹாயிஸோடு சேர்ந்து 2014இல் இதைப் பற்றிக் கட்டுரையும் வெளியிட்டார். பறவை ஆராய்ச்சிக்காரர் தன் தேவைக்கு எழுதியது என்பதாலோ என்னவோ, மெக்கானிக்கல் ஆட்கள் எழுதும் மென்பொருள்களில் இருக்கும் முரட்டுத்தனம் இதில் இல்லை. மேல் மெனுவில் இடமிருந்து வலமாகப் போனாலே வேலை முடிந்துவிடும்.

மேட்லேப் என்ற கணக்கீட்டு மென்பொருள் இருந்தால் அதற்குள்ளேயே இயங்கும், அதன் படச் செயலாக்க டூல்பாக்ஸும் வேண்டும். மேட்லேப் இல்லாதவர்களுக்குத் தனியாக ஓடும் பதிப்பும் கிடைக்கிறது. நிறுவுவதில் சொல்ல ஒன்றுமில்லை.

எனக்கு இதில் மிகவும் பிடித்தது பலரும் திறந்தே பார்க்காத ஒரு வசதி. செயற்கைத் துகள் படங்களை இதுவே உருவாக்கிக் கொடுக்கும். துகள் எத்தனை, விட்டம் எவ்வளவு, இரைச்சல் எவ்வளவு என்று நாம் சொல்ல வேண்டும், சுழல் வேண்டுமா நேர் நகர்வு வேண்டுமா என்றும் சொல்ல வேண்டும், அவ்வளவுதான். உண்மையான விடை நமக்கு முன்பே தெரியும் என்பதால், நாம் வைத்திருக்கும் அமைப்பு எங்கே பொய் சொல்கிறது என்று லேசரைத் தொடாமலே பார்த்துவிடலாம். புதிதாக வருகிற மாணவர்களை முதலில் இதில்தான் உட்கார வைக்க வேண்டும். துகள் விட்டத்தை 1 பிக்சலுக்குக் குறைத்துப் பார், 3 பிக்சலுக்குக் கூட்டிப் பார், என்ன ஆகிறது என்று சொல் என்றால், பாடப்புத்தகத்தில் நாலு பக்கம் படித்தும் ஏறாத விஷயம் ஒரு மதியத்தில் ஏறிவிடும்.

சரி, நிஜமான ஓட்டத்துக்கு வருவோம். எங்கள் ஏற்பாடு எளியது. 20 மி.மீ. உள்விட்டம் உள்ள அக்ரிலிக் குழாய், 532 நானோமீட்டர் பச்சை லேசர், ஒளியைத் தாளாக விரிக்க ஒரு கண்ணாடிக் கம்பி, நொடிக்கு 240 ஃப்ரேம் எடுக்கும் ஃபோன். குழாய் வளைவாக இருப்பதால் ஒளி விலகிப் படம் கோணலாகும், அதற்காகக் குழாயைச் சுற்றி சதுரமாக ஒரு பெட்டி செய்து தண்ணீர் நிரப்பி வைக்க வேண்டும். அளவுகோல் படத்தையும் தண்ணீருக்குள், லேசர் தாள் விழும் அதே இடத்தில் வைத்துத்தான் எடுக்க வேண்டும். வெளியே பிடித்து எடுத்தால் எல்லா வேகமும் ஒரே விகிதத்தில் தப்பாகும், படத்தைப் பார்த்து அதைக் கண்டுபிடிக்கவே முடியாது.

லேசரைப் பற்றி ஒரு வார்த்தை, இது விளையாட்டில்லை. விலை குறைந்த பச்சை லேசர்களில் பல, உள்ளே அகச்சிவப்பு ஒளியை உண்டாக்கி அதைப் பச்சையாக மாற்றுபவை. தடுப்பு வடிகட்டி வைக்காமல் விற்றால் கண்ணுக்குத் தெரியாத அகச்சிவப்பும் சேர்ந்தே வெளியே வரும். 532க்கு மட்டும் வாங்கிய பாதுகாப்புக் கண்ணாடி அதைத் தடுக்காது. ஒரு டீலர், பெயர் வேண்டாம், எங்களுக்கு அனுப்பிய லேசரோடு ஒரு பச்சை பிளாஸ்டிக் கண்ணாடியை இலவசமாக வைத்திருந்தார். அது எந்த அலைநீளத்தை எவ்வளவு தடுக்கும் என்று அதில் ஓர் எழுத்துகூட இல்லை. பச்சை ஒளியை அப்படியே உள்ளே விடும் பச்சைக் கண்ணாடி! கேட்டால் "எல்லாரும் இதத்தான் சார் வாங்கிட்டுப் போறாங்க" என்று பதில். அலைநீளமும் தடுப்பு அளவும் அச்சிட்ட கண்ணாடியைத் தனியாக வாங்கிக்கொள்ளுங்கள்.

ஃபோனிலும் சூதானம் வேண்டும். நொடிக்கு 240 என்று திரையில் போட்டிருந்தாலும் ஃப்ரேம்களுக்கு நடுவே உள்ள இடைவெளி எப்போதும் ஒரே அளவாக இருக்காது, கோப்பில் உள்ள நேரக் குறிகளைப் பார்த்துத்தான் உறுதி செய்ய வேண்டும். எக்ஸ்போஷர், அதாவது ஒரு ஃப்ரேமுக்கு ஒளியை உள்ளே விடும் நேரம், நீளமாக இருந்தால் துகள் புள்ளியாக விழாமல் கோடாக விழும். நொடிக்கு 100 மி.மீ. வேகம், 1 மி.மீ.க்கு 20 பிக்சல், 1/1000 நொடி எக்ஸ்போஷர் என்றால் 2 பிக்சல் இழுபடும். மேனுவல் ஆப் போட்டு எக்ஸ்போஷரை அதில் பாதியைவிடவும் குறைத்துவிடுங்கள்.

இப்போது எண்களைப் பார்ப்போம், ஏனென்றால் இந்த மென்பொருள் எங்கே நன்றாக இருக்கிறது, எங்கே தடுமாறுகிறது என்பது எண்ணில்தான் தெரியும். குழாயில் சராசரி வேகம் நொடிக்கு 50 மி.மீ. வைத்திருக்கிறோம். ஓட்டம் சீராக, முழுதாக வளர்ந்த நிலையில் நடுவில் அதற்கு இரண்டு மடங்கு, அதாவது 100. மேலே சொன்ன 1 மி.மீ.க்கு 20 பிக்சல் கணக்கில், குழாயின் நடுவில் உள்ள துகள் ஃப்ரேமுக்குச் சுமார் 8 பிக்சல் நகரும். சதுரத்தின் அகலத்தில் கால் பங்குக்கு மேல் நகர்வு போகக்கூடாது என்பது இந்தத் துறையின் பழைய விதி, 32 பிக்சல் சதுரத்துக்கு அது 8. விளிம்பில்தான் நிற்கிறோம், ஆனாலும் முதல் சுற்றை 64 பிக்சலில் பார்த்துவிட்டு அந்த விடையைக் கையில் வைத்துக்கொண்டு இரண்டாம் சுற்றில் 32க்கு இறங்குவதால் பிஐவிலேப் இதைச் சிரமமில்லாமல் சமாளிக்கிறது. குழாயின் நடுப்பகுதியில் இதன் விடையில் குறை சொல்ல எனக்கு எதுவும் கிடைக்கவில்லை.

சுவர் ஓரம் வேறு கதை. சுவரிலிருந்து அரை மி.மீ. தள்ளி உள்ள இடத்தில் வேகம் நொடிக்கு 10 மி.மீ.க்குச் சற்றுக் குறைவு, ஃப்ரேமுக்கு 0.8 பிக்சல். இந்த முறையில் பொதுவாக எதிர்பார்க்கக்கூடிய பிழை 0.1 பிக்சல் என்று வைத்துக்கொண்டால், நடுவில் அது ஒரு சதவீதத்தைச் சற்றே தாண்டும், இங்கே 12 சதவீதம். இதில் பெரிய தொல்லை ஒன்று இருக்கிறது. சுவரை ஒட்டிய 32 பிக்சல் சதுரம் என்பது 1.6 மி.மீ. அகலம். அதன் ஒரு பக்கம் வேகம் சுழியம், மறுபக்கம் நொடிக்கு 29 மி.மீ. ஒரே சதுரத்துக்குள் நிற்கிற துகளும் இருக்கிறது, இரண்டரை பிக்சல் ஓடுகிற துகளும் இருக்கிறது. மென்பொருள் இவை எல்லாவற்றுக்குமாக ஒரே ஓர் அம்பைத்தான் தரும். வேகமான துகள்கள் சதுரத்தை விட்டு வெளியே ஓடிவிடுவதால், அந்த ஓர் அம்பும் மெதுவான பக்கம் சாய்ந்துதான் வரும். இது பிஐவிலேப்பின் தவறில்லை, முறையின் குணம். லட்சக்கணக்கில் விற்கிற மென்பொருளிலும் இதே குணம் உண்டு. அதோடு சுவரில் லேசர் பட்டு மின்னும் கோடு எல்லாப் படத்திலும் அசையாமல் நிற்பதால், மென்பொருள் அதையும் துகள் என்று நினைத்து "இங்கே வேகம் சுழியம்" என்று சொல்லிவிடும். சராசரிப் படத்தைக் கழிக்கும் வசதி உள்ளேயே இருக்கிறது, அதைப் போட்டுவிட்டு மிச்சத்துக்கு மாஸ்க் வரையுங்கள், அதாவது அந்தப் பகுதியைக் கணக்கில் சேராமல் மறைத்துவிடுங்கள்.

கிடைத்த வேக வடிவம் சரியா என்று எப்படித் தெரியும்? ஒரு லிட்டர் மக், ஒரு ஸ்டாப்வாட்ச். சராசரி 50 மி.மீ. என்றால் இந்தக் குழாயில் ஒரு லிட்டர் நிரம்ப 64 நொடி ஆக வேண்டும். பிஐவிலேப் தந்த வேகத்தைக் குழாய்ப் பரப்பு முழுவதும் கூட்டிப் பார்த்து மக்கோடு ஒப்பிடுங்கள். வட்டக் குழாயில் சுவர்ப் பக்கம்தான் பரப்பு அதிகம் என்பதால் அங்கே நடக்கும் சின்னப் பிழைகூட இந்தக் கூட்டலில் வெளியே வந்துவிடும். வித்தியாசம் கொஞ்சமாக இருந்தால் சுவர் ஓரத்தைப் பாருங்கள், 15 சதவீதம் போல இருந்தால் சுவரை விட்டுவிட்டு முதலில் அளவுகோலைப் பாருங்கள். மக் இருக்கும்போது மற்ற எந்தச் சோதனையும் இரண்டாம்பட்சம் என்பது என் கட்சி.

தலைப்பில் சொன்ன ஆரஞ்சு அம்புகள். சில சதுரங்களில் துகள் குறைவாக இருக்கும், விடை கன்னாபின்னாவென்று வரும். அவற்றை வடிகட்டி நீக்கிவிட்டு, சுற்றியுள்ள நல்ல அம்புகளைப் பார்த்து இடைவெளியை நிரப்புகிற வசதி பிஐவிலேப்பில் உண்டு. அளந்த அம்பு பச்சை, நிரப்பிய அம்பு ஆரஞ்சு. நேர்மையான ஏற்பாடு, பாராட்ட வேண்டும். நிரப்பிய அம்பு, வராதவனுக்கு நண்பன் சொல்லும் "உள்ளேன் ஐயா" மாதிரிதான், வரிசையில் ஓட்டை தெரியாது, ஆனால் ஆள் வரவில்லை. படம் போட, சுழற்சி கணக்கிட, இடைவெளி இல்லாமல் இருப்பது வசதி. ஆனால் வேகப் பரவலை எடுக்கும்போது இந்த நிரப்பல்களும் உள்ளே புகுந்தால் பரவல் மெலிந்து, நடுவில் குவிந்து, உண்மையைவிட அமைதியான ஓட்டமாகத் தெரியும். எழுத்துக் கோப்பாக ஏற்றுமதி செய்யும்போது அம்பின் வகை என்று ஓர் எண்ணும் வரும். 1 என்றால் அளந்தது, 2 என்றால் நிரப்பியது, 0 என்றால் மாஸ்க்குக்குள் இருப்பது. 1 மட்டும் வைத்துக்கொண்டு ஹிஸ்டோகிராம் (பரவலைக் காட்டும் பட்டை வரைபடம்) போடுங்கள். மிருதுவாக்கும் வசதியும் உண்டு, பரவல் வேண்டுமென்றால் அதை அணைத்துவிடுங்கள். எத்தனையோ ஆய்வேடுகளில் இந்த வகை எண்ணைப் பற்றி ஒரு வரிகூட இருப்பதில்லை.

வடிகட்டும் இடத்திலும் கை நடுங்க வேண்டும். இரண்டு திசை வேகங்களையும் புள்ளிகளாகப் போட்டுக் காட்டி, நல்லதைச் சுற்றி ஒரு செவ்வகம் வரையச் சொல்லும். கொந்தளிப்பான ஓட்டத்தில் அந்தப் புள்ளிக் கூட்டத்துக்கு வால்கள் இருக்கும், அந்த வால்களில்தான் விஷயமே இருக்கும். செவ்வகத்தை இறுக்கி வரைந்தால் வால் போய்விடும், அப்புறம் "எங்கள் அளவீட்டில் அதீத வேகங்கள் இல்லை" என்று எழுதிக்கொள்ளலாம். பெருந்தவறுகளை மட்டும் வெளியே தள்ளும்படி தாராளமாக வரைந்துவிட்டு, மிச்சத்தை அண்டை அம்புகளோடு ஒப்பிடும் மீடியன் சோதனையிடம் விடுவது நல்லது. ஒரு பயிற்சி வகுப்பில் (எங்கே என்று சொல்லப்போவதில்லை) இதற்கு நேர்மாறாகச் சொல்லிக்கொடுத்தார்கள். செவ்வகத்தை நன்றாக இறுக்கு, நிரப்பு, மிருதுவாக்கு, வண்ணம் போடு, ரிப்போர்ட்டில் ஒட்டு. கட்டணம் வாங்கிக்கொண்டு இதைச் சொல்வதற்கு, சும்மா இருந்திருக்கலாம்.

இனி ஹிஸ்டோகிராம். படத்தில் துகள் ஒரே ஒரு பிக்சல் அளவுக்குத்தான் விழுகிறது என்றால், அது பிக்சலுக்குள் எங்கே இருக்கிறது என்று தெரிய வழியில்லை. அதனால் நகர்வு 0, 1, 2 என்று முழு எண்களின் பக்கம் ஒட்டிக்கொள்ளும், ஹிஸ்டோகிராம் சீப்புப் பல் போல முட்டிக்கொண்டு நிற்கும். துகள் படத்தின் விட்டம் 2 பிக்சலைக் கொஞ்சம் தாண்டினால் இந்தத் தொல்லை பெருமளவு போய்விடும், லென்ஸை மிகக் கொஞ்சமாக ஃபோகஸிலிருந்து விலக்கினால்கூடப் போதும். ஆனால் எல்லா மேடும் இந்த நோய் என்று நினைத்துவிடக் கூடாது. தொட்டியில் 5 மி.மீ. கம்பியைக் குறுக்கே நிறுத்தி, நொடிக்கு 50 மி.மீ. ஓட்டத்தில் அதன் பின்னால் பார்த்தால், நொடிக்கு சுமார் 2 முறை சுழல்கள் மாறி மாறிக் கழன்று போகும். அங்கே குறுக்குத் திசை வேகம் ஊசல் மாதிரி இப்படியும் அப்படியும் ஆடுவதால், அதன் பரவல் நடுவில் பள்ளமும் இரு ஓரங்களில் மேடுமாக வரும். அதுதான் சரியான வடிவம். நடுவில் ஒரே குன்றாக வர வேண்டும் என்று எதிர்பார்த்து மிருதுவாக்கிவிட்டால் போச்சு.

எது நிஜ மேடு, எது பிக்சல் மேடு என்று கண்டுபிடிக்க ஒரு வழி உண்டு, இது எந்த மெனுவிலும் இல்லை. ஒரே வீடியோவை இரண்டு முறை ஓட்டுங்கள். முதலில் அடுத்தடுத்த ஃப்ரேம்களை ஜோடி சேர்த்து, அடுத்து ஒரு ஃப்ரேம் விட்டு ஒரு ஃப்ரேமை ஜோடி சேர்த்து. எங்கள் அளவில் ஒரு முழு பிக்சல் என்பது முதல் முறையில் நொடிக்கு 12 மி.மீ., இரண்டாம் முறையில் 6 மி.மீ. பிக்சலால் வந்த மேடு என்றால் 12, 24 என்று இருந்தது இப்போது 6, 12, 18 என்று இடம் மாறும். தண்ணீரால் வந்த மேடு 20இல் இருந்தால் இரண்டு முறையும் 20இல்தான் இருக்கும். படங்களை ஜோடி சேர்க்கும் முறையைத் தேர்ந்தெடுக்கும் இடத்தைக் கவனமாகப் பாருங்கள். இரட்டைத் துடிப்பு லேசர் வைத்திருப்பவர்கள் 1-2, 3-4 என்று சேர்க்க வேண்டும். ஃபோன் வீடியோவுக்கு 1-2, 2-3 என்று தொடராக.

எண்ணிக்கையைப் பார்த்து மயங்குவதும் இங்கே சகஜம். 1000 ஃப்ரேம், ஒவ்வொன்றிலும் ஆயிரக்கணக்கான அம்பு, ஆகவே பல லட்சம் அளவீடு என்று எழுதிவிடுவார்கள். 240 ஃப்ரேம் வேகத்தில் 1000 ஃப்ரேம் என்பது நாலு நொடிதான். அந்தக் கம்பிக்குப் பின்னால் நாலு நொடியில் நடப்பது எட்டு சுழற்சி. பக்கத்துப் பக்கத்துச் சதுரங்கள் பாதி ஒன்றின் மேல் ஒன்று ஏறியிருப்பதால் அவையும் தனித்தனிச் சாட்சிகள் ஆகாது. ஃப்ரேம் வேகத்தைக் குறைத்து நீண்ட நேரம் எடுங்கள், அல்லது பல முறை நிறுத்தி நிறுத்தி எடுங்கள். இதை மென்பொருள் எச்சரித்தால் நன்றாக இருக்கும், எச்சரிப்பதில்லை.

மற்றவற்றோடு ஒப்பிட்டால்: ஓப்பன்பிஐவி பைத்தானில் இருக்கிறது, அதுவும் இலவசம். நிரல் எழுதத் தெரிந்து, நூற்றுக்கணக்கான வீடியோக்களை இரவோடு இரவாக ஓட்ட வேண்டியவர்களுக்கு அது பொருந்தும், நாலு படத்தைத் திறந்து பார்த்து என்ன நடக்கிறது என்று கைவைத்துப் புரிந்துகொள்ள பிஐவிலேப்தான் சௌகரியம். லாவிஷன், டான்டெக் போன்ற நிறுவனங்களின் அமைப்புகள் கேமராவும் லேசரும் நேரப்படுத்தும் கருவியும் சேர்ந்தே வருபவை, முப்பரிமாண அளவீடு வேண்டுமென்றால் அந்தப் பக்கம் போகத்தான் வேண்டும். ஒரே ஒரு புள்ளியில் மட்டும் வேகப் பரவல் வேண்டும், அதுவும் சுவருக்கு மிக அருகில் என்றால் பிஐவியையே விட்டுவிடுங்கள். 1964இல் யே, கம்மின்ஸ் இருவரும் செய்து காட்டிய லேசர் டாப்ளர் முறை (ஒரு சின்ன ஒளிப்புள்ளியைக் கடக்கும் துகள் சிதறும் ஒளியிலிருந்து அதன் வேகத்தைக் கண்டுபிடிப்பது) அதற்கு இன்னும் நன்றாக வேலை செய்யும். அங்கேயும் ஒரு வில்லங்கம் இருக்கிறது, அதே கால அளவில் வேகமான துகள்கள் அதிக எண்ணிக்கையில் கடந்துபோவதால் சும்மா சராசரி போட்டால் விடை மேலே ஏறிவிடும். 1973லேயே மெக்லாக்லின், டீடர்மன் இருவரும் அதைச் சுட்டிக்காட்டித் திருத்தமும் சொல்லிவிட்டார்கள். ஒவ்வொரு துகளும் ஒளிப்புள்ளியைக் கடக்க எடுத்துக்கொண்ட நேரத்தால் எடைபோடும் வசதி இருக்கிறதா என்று விற்பனையாளரிடம் கேட்டு வாங்குங்கள்.

பிஐவிலேப்பில் நான் மாற்றச் சொல்ல வேண்டும் என்றால் ஒன்றே ஒன்று. புள்ளிவிவரப் பக்கத்தில் ஹிஸ்டோகிராம் போடும் இடத்திலேயே "அளந்தவை மட்டும்" என்று ஒரு சின்னப் பெட்டி, முதலிலிருந்தே டிக் செய்யப்பட்டதாக. அதுவரை ஏற்றுமதி செய்து, வெளியே எடுத்துப் போய், 2 என்று எண் போட்ட வரிகளையெல்லாம் நீக்கிவிட்டு நீங்களே ஹிஸ்டோகிராம் போட்டுக்கொள்ளுங்கள். அப்படியே மொத்த அம்புகளில் எத்தனை சதவீதம் நீக்கினீர்கள் என்பதையும் படத்துக்குக் கீழே எழுதிவிடுங்கள், கேள்வி கேட்பவர்கள் முதலில் அதைத்தான் கேட்பார்கள்.